உட்கார்ந்துவிட்ட ஃபார்கோ

என் கணவர் பெனடிக்ட் முப்பத்து நான்கு வருஷம் பாய்லர் கம்பெனியில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தார். அடுத்தவர் செய்த வேலையைக் குனிந்து பார்த்து, டார்ச் அடித்து, உதட்டைப் பிதுக்கி, "வெட்டிட்டு மறுபடி போடு" என்று சொல்வதுதான் உத்தியோகம். அந்தக் கண்ணை அவர் கம்பெனி கேட்டில் ஒப்படைத்துவிட்டு வருகிற ஆள் இல்லை. என் தோசை ஒரு பக்கம் தடிப்பாக இருப்பதைக் கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துச் சொன்னார். நானும் வாயில்லாப் பூச்சி இல்லை. பெண்கள் பள்ளியில் இருபத்தொன்பது வருஷமாக இயற்பியல் நடத்துகிறவள். "அப்ப நீங்க ஒண்ணு ஊத்திக் காட்டுங்க" என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை அவர் கரண்டியைத் தொடவில்லை.

இதே கேள்வியை நாலு பேர் முன்னால் மைக்கில் கேட்டவர் அழகர்சாமி. வையம்பட்டிக்காரர், கம்பெனியிலேயே கை சுத்தமான வெல்டர். கஷ்டமான ஜாயிண்டெல்லாம் அவரிடம்தான் போகும், ஆகவே இவர் அதிகமாகத் தள்ளுபடி செய்ததும் அவருடைய வேலையைத்தான். இவருடைய பிரிவுபசார விழாவில் அழகர்சாமி மாலையைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். "சார் எங்க வேலைய ஆயிரம் தடவ வெட்டச் சொல்லிருக்காரு. ரிட்டயர்டு ஆயிட்டாரு, இனி நேரம் இருக்கும். சார் கையால ஒரு முக்காலி செஞ்சு கொண்டாந்தார்னா நாங்களும் குனிஞ்சு பாப்போம்."

கூட்டம் சிரித்தது. இவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். "அவன் சொன்னது நெஜந்தான் லிசி. நான் இதுவரைக்கும் எதையுமே செஞ்சதில்ல" என்றார். பரிதாபமாக இருந்தது. முக்காலி தானே, செய்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

முக்காலி செய்தால் அவர் பெனடிக்ட் இல்லையே. அடுத்த மாதமே துறையூரில் ஒரு பழைய அரிசி மில்லிலிருந்து 1957-ஆம் வருஷத்து ஃபார்கோ பிக்கப் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி மில்காரரிடம் ஒப்படைக்கவே ஒரு பகல் போயிற்று. திருவானைக்காவலில் என் தம்பியின் காலி ஷெட்டில் வண்டியை நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்து நோட்டில் படம் போட்டார். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு புது ஜீப்பின் டீசல் எஞ்சின் வந்தது. ஆர்.டி.ஓ. அனுமதியை முறையாக வாங்கினார், அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியாக ஏர் சஸ்பென்ஷன் வந்தது. ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலாக நாலு சக்கரத்துக்கும் நாலு ரப்பர் பை. காற்றை அடித்தால் வண்டி எழும்பும், விட்டால் தரையோடு தரையாக உட்காரும்.

"வண்டி எதுக்குங்க உக்காரணும்?" என்று கேட்டேன்.

"திருவிழாவுக்கு" என்றார்.

எங்கள் பங்குக் கோவிலில் அந்தோனியார் திருவிழாவுக்குத் தேர் பவனி டிராக்டர் டிரெய்லரில்தான் போகும். டிரெய்லர் உயரம், அதன்மேல் மேடை, அதன்மேல் அந்தோனியார் சுரூபம், அதன்மேல் பூப்பந்தல். தெருவின் குறுக்கே எவ்வளவு கேபிள் ஒயர் உண்டோ அத்தனையும் பந்தலில் மாட்டும். ஒருவர் மூங்கில் கழியோடு முன்னால் நடந்து ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வருவார். போன வருஷம் கழி நழுவி, அந்தோனியார் தலைக்கு மேலிருந்த ஒளிவட்டம் ஒரு வீட்டு மாடியில் போய் விழுந்தது. இவர் பங்குச் சாமியார் தைரியராஜிடம் போய், அடுத்த வருஷம் என் வண்டி குனிந்து போகும், கழியே வேண்டாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வரைந்தாகிவிட்டது, பற்றவைக்க ஆள் வேண்டும். அழகர்சாமியிடமே போனார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். "பத்த வைக்கிறது என் வேல சார். ஆனா வண்டி உங்க வண்டி. முடிஞ்சதும் நான்தான் இன்ஸ்பெக்டரு. சரின்னா சரி, இல்லன்னா இல்ல." இவர் கை கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு இவருக்கு ஜெபமாலையைவிட அந்த ஆளின் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு 'சரி'தான் பெரிதாகிவிட்டது.

இரண்டு பேரும் பாய்லர்காரர்கள். அங்கேதான் வந்தது வினை. ஏர் சஸ்பென்ஷனோடு ஒரு காற்று டாங்கும் வந்திருந்தது. அதன் தகடு மூன்று மில்லிமீட்டர். இருவரும் அதைத் தட்டிப் பார்த்தார்கள்.

"என்ன சார் இது, பவுடர் டப்பாவா?" என்றார் அழகர்சாமி.

"இதுல காத்த அடைச்சு அந்தோனியார ஏத்தறதா?" என்றார் இவர்.

பதினாறு மில்லிமீட்டர் பிளேட்டில் புது டாங்க் செய்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், தண்ணீர் நிரப்பி அழுத்தம் பார்த்தார்கள். டாங்கே அப்படியென்றால் பம்பர் சும்மா இருக்கலாமா என்று முன்னாலும் பின்னாலும் பாய்லர் பிளேட்டில் பம்பர். பம்பரே அப்படியென்றால் பின்தளத்தில் மரப்பலகை கேவலம் என்று அங்கேயும் பத்து மில்லிமீட்டர் பிளேட். சுரூபம் நிற்கிற மேடையையும் அந்தப் பிளேட்டோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். போல்ட்டு நட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. போல்ட்டு ஒருநாள் லூஸாகும், வெல்டு ஆகாது என்பது அவர்கள் மதம்.

ஒவ்வொரு ஜாயிண்டாக இவர் டார்ச் அடித்துப் பார்த்தார். முன் பம்பர் ஜாயிண்டில் வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு, நிமிர்ந்து, "பாஸ்" என்றார். அழகர்சாமி வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலம் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் பம்பர் ஜாயிண்ட்தான் இருந்தது.

நான் ஷெட்டுக்குப் போய் பிளேட்டையெல்லாம் டேப் வைத்து அளந்து, அடர்த்தியால் பெருக்கிக் கணக்குப் போட்டேன். "ஏர் பை தாங்கறதைவிட பாரம் ஜாஸ்திங்க. சுரூபமும் ஆளும் ஏறினா தூக்காது" என்றேன்.

உடனே சுவிட்சைப் போட்டுக் காட்டினார். காலி வண்டி எழுந்தது, உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது. "பாத்தியா?"

"பாரத்த வெச்சுப் பாத்தீங்களா?"

"லோடு டெஸ்ட் எங்க டிபார்ட்மெண்ட் இல்ல லிசி" என்றார். சொன்னது விளையாட்டுக்கு அல்ல. கம்பெனியில் அது வேறு பிரிவாம்.

திருவிழா வந்தது. கறுப்பும் கிரீமுமாக ஃபார்கோ கோவில் வாசலில் நின்றது. அழகு என்றால் அப்படியொரு அழகு, அதை நான் மறுக்கமாட்டேன். எழும்பி நின்ற நிலையிலேயே அந்தோனியாரை ஏற்றிப் பந்தல் போட்டார்கள். எட்டுப் பேர் பேண்டு வாத்தியம், ஃபாதர், ஜெனரேட்டர், மெழுகுவர்த்திப் பெட்டி எல்லாம் ஏறின. வண்டி கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் நின்றது. இவர் ஸ்டியரிங்கில். பக்கத்தில் வேட்டி சட்டையோடு அழகர்சாமி, தீர்ப்புச் சொல்ல வந்தவர். வையம்பட்டியிலிருந்து இதற்கென்றே பஸ் ஏறி வந்திருந்தார்.

மாலை ஐந்தரைக்குப் பவனி டிரங்க் ரோட்டில் திரும்பியது. முதல் ஒயர் வந்தது. இவர் சுவிட்சை அழுத்தினார். ஸ்ஸ்ஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு ஃபார்கோ அப்படியே பணிந்தது. பந்தல் ஒயருக்குக் கீழே ஒரு முழம் இடம் விட்டு நழுவிப் போயிற்று. சனம் கைதட்டியது. சில பெண்கள் அந்தோனியாரே மண்டியிட்டார் என்று கும்பிட்டார்கள். இவர் ஜன்னல் வழியாக என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் மேலே போகிற சுவிட்சை அழுத்தினார். கம்ப்ரஸர் டர்ர்ர் என்று ஓடியது. வண்டி எழவில்லை. அடிப்பக்கம் ரோட்டோடு படிந்துவிட்டதால் உருட்டவும் வழியில்லை. மறுபடி அழுத்தினார். அடியில் எதுவோ முனகியது, அவ்வளவுதான். மேலே நிற்கும்போது பைக்குள் அடைத்திருந்த காற்று பாரத்தைத் தாங்கிக்கொண்டது. அந்தக் காற்றை வெளியே விட்டாகிவிட்டது. தரையில் படுத்ததைத் திரும்பத் தூக்க டாங்கில் அழுத்தம் போதவில்லை. பத்தாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

பேண்டுக்காரர்களை இறக்கினார்கள். எழவில்லை. ஜெனரேட்டரை இறக்கினார்கள். எழவில்லை. ஃபாதர் தானாகவே அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார். எழவில்லை. சுரூபத்தை மேடையோடு தோளில் தூக்கலாம் என்று இருபது பேர் வந்தார்கள், மேடைதான் பிளேட்டோடு ஒட்டிக்கிடக்கிறதே. பின்னால் ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்கள் மூன்று ஹாரன் அடித்தன. அந்தோனியார் கையில் குழந்தை இயேசுவோடு நடுரோட்டில் மாட்டிக்கொண்டார்.

"எவ்வளவு கொறையணும் டீச்சர்?" என்று ஃபாதர் என்னிடம் கேட்டார். பாவம், அவருக்குத்தான் முதலில் தோன்றியது.

"நூத்தைம்பது கிலோ ஃபாதர். முன் பம்பர் தொண்ணூறு, பின் பம்பர் எழுபது."

இவர் வண்டியிலிருந்து இறங்கினார். பம்பரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தன் ஆயுளில் ஆயிரம் தடவை சொன்னதை, முதல் தடவையாகத் தன் வண்டியைப் பார்த்துச் சொன்னார். "அழகரு, வெட்டிடுப்பா."

அழகர்சாமி கையைக் கட்டிக்கொண்டார். "மாட்டேன் சார்."

"என்னப்பா இது, ரோடே நிக்குது."

"முப்பது வருஷத்துல நீங்க மறுபேச்சு இல்லாம பாஸ் பண்ணது அந்த ஒரு ஜாயிண்டுதான். வேற எத வேணா வெட்டச் சொல்லுங்க. அதுக்கு என் கை வராது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவர் ரோட்டோரத்தில் இரும்புக் கேட் செய்கிற பட்டறைக்குப் போய், கையில் கிரைண்டரோடும் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிற ஒயரோடும் திரும்பினார். யாரோ ஈரச் சாக்கு கொண்டுவந்து அடியில் போட்டார்கள். அவர் அந்த மெஷினைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. புது வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் மண்டியிட்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். பொறி பறந்தது. சட்டையில் ரெண்டு ஓட்டை விழுந்தது. பிளேடு இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் போய், ஜாயிண்டை விட்டு விலகி பம்பரில் கோலம் போட்டது.

அழகர்சாமி பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கிரைண்டரைப் பிடுங்கினார். "இப்புடியா சார் அறுக்கிறது? நீங்க டார்ச்சு மட்டும் அடிங்க."

இவர் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார். அவர் குனிந்து, தன் ஜாயிண்டைத் தானே நூல் பிடித்த மாதிரி அறுத்தார். அறுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்ததற்குப் பொறிதான் காரணம் என்று அவர் சொன்னால் நம்ப நான் தயார். அரைமணி நேரத்தில் முன் பம்பரும் பின் பம்பரும் ரோட்டில் தொம்மென்று விழுந்தன.

இவர் உள்ளே ஏறிச் சுவிட்சை அழுத்தினார். கம்ப்ரஸர் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு முன்பக்கம் மெல்ல மூக்கைத் தூக்கியது, பின்பக்கம் குலுங்கி எழுந்தது. அந்தோனியார் ஒருமுறை ஆடி நிமிர்ந்தார். சனம் போட்ட சத்தத்தில் பஸ் ஹாரனே கேட்கவில்லை. 'கணக்கை அன்னைக்கே சொன்னேனே' என்ற வாக்கியத்தை நான் நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கினேன். என் புருஷன் செய்த ஒன்று எழுந்து நிற்கிறது, அந்தச் சந்தோஷம் எனக்குப் போதும்.

ஆனால் இவர் சிரிக்கவில்லை. இறங்கி வண்டியின் முன்னால் போய்க் குனிந்தார். இடது பக்கம் வலது பக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அதை அவர் பார்க்காமல் இருப்பாரா?

"ரெண்டு இஞ்ச் கம்மி" என்றார் அழகர்சாமியிடம். பம்பர் போன இடத்தில் இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பெயிண்ட் கருகியிருந்தது. ரெண்டு மில்லிமீட்டருக்கே அடுத்தவரை வெட்டவைத்த மனுஷன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் காலத்தில் வெல்டர்கள் இவர் முன்னால் நின்ற மாதிரி நின்றார்.

அழகர்சாமி வண்டியை முன்னாலிருந்து ஒரு சுற்று சுற்றிவந்தார். குனிந்து பார்த்தார். கையால் தடவிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஃபாதரும்தான்.

"ரெண்டு இஞ்செல்லாம் ஒண்ணும் ஆவாது சார்" என்றார். "சரியா இருக்கு. ஏறுங்க, போலாம்."