உப்புக் கிணற்றில் நாய் இல்லை

"மொதல்ல உப்புக் கிணறுதானுங்க படிக்கோணும்" என்று ரைஹான் சொன்னதும் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கோட்டைமேட்டில் எங்கள் வீட்டு முன்னறையை ஒட்டிய சின்ன அறை. பெண்ணும் மாப்பிள்ளையும் கால் மணி நேரம் பேசிக்கொள்ளட்டும் என்று கதவைப் பாதி திறந்து வைத்து எங்களை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் அம்மாவும் என் அத்தாவும் மண்டப வாடகையைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். இதற்கு முன் வந்த இரண்டு பேரில் ஒருவர், "இந்த வயசுல கேம் ஆடுவீங்களா?" என்று கேட்டார். இன்னொருவர் நிக்காஹ் முடிந்ததும் கம்ப்யூட்டரை என்ன செய்வேன் என்று விசாரித்தார். புத்தகத்தின் பெயர் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

நான் சொல்வது கரிமகுடம் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்து எழுதிய நாவல்களை. ராஜா செத்து நூறு வருடமாகியும் அவன் பிணத்துக்குத் தினமும் வரி கட்டும் ஒரு தேசம், ஊர் ஊராகப் பரவும் கொள்ளைநோய், நோயைக் காரணம் காட்டி வீடுகளைக் கொளுத்தும் பூசாரிகள் என்று ஒரே இருட்டு. நல்லவன் எவனும் உருப்பட மாட்டான். அந்த உலகத்தில் நடக்கிற கதைகளாக எட்டு நாவல்கள் வந்திருக்கின்றன. காலேஜ் முதல் வருடத்திலிருந்து நான் பாதி நாள் அந்தத் தேசத்தில்தான் குடியிருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். கேட்கத்தான் ஆள் கிடையாது.

"ஒன்பதாவது சவப்பெட்டிங்கற நாவல கடைசிக்கு வெச்சுக்கோணும்ங்க. அதைய மொதல்லயே தொட்டா மத்ததெல்லாம் சப்புனு போயிரும்" என்றார். என் அபிப்பிராயமும் அதுதான். நெஞ்சுக்குள் குளுகுளுவென்றிருந்தது. சரவணம்பட்டியில் வேலை, சுத்தமாக வெட்டிய நகம், நான் பேசும்போது செல்போனைத் தொடவில்லை. சம்மதம் என்று சொல்லிவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உப்புக் கிணத்துல அந்த நாய் சாகுற எடம் இருக்குதுங்களே, எனக்கு மூணு நாளு சோறே எறங்குலீங்க."

உப்புக் கிணற்றில் நாய் இல்லை. கதை முழுக்கப் பூமிக்கு அடியில், ஒரு உப்புச் சுரங்கத்தில் நடக்கிறது. ஏழு மனிதர்கள், ஒரு குருட்டுக் கழுதை, அவ்வளவுதான். நாய் சாவது வேறொரு நாவலில். இரண்டையும் குழப்பியவள் நான். இரண்டு வருடத்துக்கு முன் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு வெப்சைட்டுகளுக்குப் பரிந்துரைப் பட்டியல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெயர் எதிலும் வராது. 'கரிமகுடம் நாவல்கள்: எதில் ஆரம்பிப்பது' என்ற பட்டியல் என் கைக்கு வந்தபோது டெங்குவில் படுத்திருந்தேன். வேறு எவனுக்கோ போய்விடக் கூடாது என்ற ஆசையில், நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு எழுதி அனுப்பிவிட்டேன். காய்ச்சல் விட்டதும் தப்பு தெரிந்தது. டீம் லீடர் மதன்குமாரிடம் சொன்னேன். "ஏனுங்க, இதையெல்லாம் யாருங்க படிச்சுப் பாத்துக் கேக்கப் போறாங்க? உட்டுத் தள்ளுங்க" என்றார். அந்த நாயும், எனக்கு இறங்காமல் போன மூன்று நாள் சோறும் இன்னும் அந்தப் பக்கத்திலேயே கிடக்கின்றன.

அதுவரை மனதுக்குள் அவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் அவன் ஆகிவிட்டான். "எந்த நாயிங்க?" என்று கேட்டேன். ஒரு வாய்ப்பு கொடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"கறுப்பு நாயிங்க. ஒரு காது பிஞ்சிருக்கும். அதைய நெனச்சா இப்பக்கூட..." என்று நிறுத்தினான். கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது. கறுப்பும் பிஞ்ச காதும் அவனே சேர்த்தவை. நான் மென்று துப்பியதை ஒருத்தன் பொறுக்கியெடுத்து, தட்டில் அழகாக அடுக்கி, சாப்பிடுங்க என்று எனக்கே நீட்டுவது போல இருந்தது. பொய் சொல்கிறவனைப் பார்த்திருக்கிறேன். பொய்க்குக் கண்ணீர் விடுகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா சாஜிதா பேகம் பேரீச்சம்பழத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அவரு பொய் சொல்றாரும்மா."

அம்மாவின் கை நின்றது. "என்ன பொய்? வேலையிலயா? முன்னாடியே ஒரு கல்யாணம் கில்யாணம்..."

"நாய்."

"நாயா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், காய்ச்சல், கழுதை, கண்ணீர். அம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். கடைசியில், "ஏன் கண்ணு, இல்லாத நாய எழுதுனவ நீயி. அதைய நம்புனவன் அவன். இதுல அவன் பொய்யனா?" என்றாள். "உனக்குப் புடிக்குமுன்னு நம்ம தரகரு சொல்லியிருப்பாரு. புள்ள உக்காந்து தேடிப் படிச்சுட்டு வந்திருக்குது. உங்கத்தா எனக்காக ஒரு கடுதாசி படிச்சிருப்பாரா?"

"தரகரு சொல்லிப் பதினஞ்சு நாளு இருந்துச்சும்மா. ஒரு புஸ்தகம் படிச்சிருக்கலாமில்ல?"

"அதான் இனி வாழ்நாளெல்லாம் கெடக்குதே. படிச்சுக்குவான். ஒரு நாய்க்காவ மாப்பிள்ளைய வேண்டாமுன்னு சொன்னா ஊரு வழிச்சுக்கிட்டுச் சிரிக்கும். அத்தா இனிப்புக்குச் சொல்லி உட்டாச்சு. அஞ்சு நிமிசத்துல வந்துரும்." இனிப்பு மாற்றிவிட்டால் எங்கள் பக்கம் அது பேசி முடித்த மாதிரி. அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் அவமானம்.

நான் என் அலமாரிக்குப் போனேன். உப்புக் கிணறு கைக்கு எட்டுகிற இடத்தில், அட்டை கிழிந்து, பக்கங்கள் உப்பிப் போய் இருந்தது. வரிசையின் கடைசியில் ஏழாவதும் எட்டாவதும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. பட்டியலில் அந்த இரண்டுக்கும் கீழே, 'தவறவே விடாதீர்கள், கடைசி அத்தியாயத்தில் உறைந்துபோவீர்கள்' என்று எழுதியிருந்தேன். பின்னட்டையைப் பார்த்து எழுதியது. அன்றைக்கு அது வேலை என்று நினைத்தேன். இப்போது என் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனால் அதற்காக அவன் மேல் வந்தது ஒரு துளியும் குறையவில்லை. நானும் அவனும் ஒரே வீட்டில் ஒருவரிடம் ஒருவர் படிக்காத புத்தகத்தைப் பாராட்டிக்கொண்டே கிழவர்களாகிவிடுவோமே என்று பயமாக இருந்தது.

முன்னறைக்கு வந்தேன். அவனும் அங்கே வந்து அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இனிப்பு வந்துவிட்டது. அத்தா பெட்டியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை அவன் மடியில் வைத்தேன்.

"அந்த நாய் வர்ற எடத்தை மட்டும் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க. அத்தாவும் கேக்கட்டும். அப்புறம் நான் பதில் சொல்றனுங்க."

சமையலறை வாசலில் நின்ற அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இல்லீங்க, நான் படிக்கவில்லீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் ஏழாவதையும் எட்டாவதையும் பற்றிச் சொல்லியிருப்பேன், சத்தியமாக. அவன் சிரித்தான். "ஓ, தாராளமாங்க" என்று நடுவில் திறந்தான். நாலு பக்கம் தள்ளினான். பின்னால் போனான். திரும்ப முன்னால் வந்தான். நெற்றியில் வேர்த்தது.

"இங்கதானுங்க எங்கியோ இருந்துது" என்றான்.

அத்தா ஒரு ஜிலேபியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். பாகு அவர் மணிக்கட்டு வரை வழிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா புத்தகத்துக்குள் குனிந்து மகன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"அவசரப்படாத கண்ணு. நல்லாத் தேடிப் பாரு, இருக்கும்."

அவன் விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.