மஞ்சள் தக்காளிக்கு வந்த தீர்ப்பு

கண்ணாடிக்காரிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு செடி. ருசியான தக்காளி காய்க்கிற செடி. அது எது என்று கேட்கப் போனவள்தான் ஒன்பது மாதம் சிக்கிக்கொண்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். பதினாறு வருஷமாக அதே கேள்வி. அதனால் அவளுக்குக் கண்ணைப் பற்றித் தெரிந்ததைவிட மனுஷரைப் பற்றித் தெரிந்தது அதிகம். பார்வை போனதை ஒத்துக்கொள்ள மனம் வராமல், கடைசி வரி எழுத்துகளை முன்னாடியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறவர்களை அவள் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

புதிதாகக் குடிவந்த அடுக்குமாடி வீட்டில் ஒரு பால்கனி இருந்தது. ஆறடி நீளம், மூன்றடி அகலம். துணி காயப்போடும் ஸ்டாண்டு போக மூன்று தொட்டிக்கு இடம். கடைத் தக்காளி தின்று அலுத்துப்போயிருந்தது. அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இதுல சிவப்பு இருக்கு, தண்ணி இருக்கு. தக்காளியைத்தான் காணோம்" என்றார். நாமே வளர்த்தால் என்ன என்று அவளுக்கு அன்றுதான் தோன்றியது.

விசாரித்ததில் எல்லாரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டினார்கள். மூன்றாம் மாடியில் இருந்த மயக்க டாக்டர்.

அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பது வருஷம் ஊசி போட்டு ஆட்களை மயங்கவைத்தார். ஓய்வுக்குப் பிறகு அதற்கு ஊசி தேவைப்படவில்லை, வாயைத் திறந்தாலே போதும். 'தக்காளி ரசனை மன்றம்' என்று ஒன்று தொடங்கி, அதற்குத் தலைவராகி, மாதம் ஒருமுறை தன் வீட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு பேரைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். செயலாளராக ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர். அவர் ஒவ்வொரு பழத்தையும் அளவுகோல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவார். டாக்டர் என்ன சொன்னாலும் "ஆமாங்க" என்பதால் பிள்ளைகள் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். வருத்தமில்லை.

முதல் கூட்டத்தில் கண்ணாடிக்காரி எழுந்து, "எந்தத் தக்காளி வெச்சா ருசியா இருக்கும் சார்?" என்று கேட்டாள்.

டாக்டர் கண்ணை மூடிப் புன்னகைத்தார். "ருசின்னா என்னம்மா?"

அந்தக் கேள்விக்கு அவரே ஐம்பது நிமிஷம் பதில் சொன்னார். தோலின் எதிர்ப்பு, சதையின் இணக்கம், விதைக்கூழின் பேச்சு, விழுங்கியபின் தொண்டையில் நிற்கும் நினைவு. கறுப்புத் தக்காளியில் மழைக்கு முந்தைய மண் வாசம், பேரிக்காய் வடிவத் தக்காளியில் ஒரு தயக்கம். மன்றம் வாயைப் பிளந்து கேட்டது. கடைசி வரிசையில் ஒருவர் நிஜமாகவே தூங்கியிருந்தார்.

"உங்களை மாதிரி ஆரம்ப நிலையில இருக்கிறவங்களுக்குக் காளை இதயம்தான் சரி" என்று டாக்டர் முடித்தார். இதயம் போன்ற வடிவத்தில் அரைக்கிலோ வரை காய்க்கிற ரகம் அது. "நூறு வருஷத்துப் பாரம்பரியம். அதை வளர்க்கிறதே ஒரு கல்வி."

கல்வி ஐந்து மாதம் நடந்தது. செடி ஆறடி உயரம் வளர்ந்து, துணி ஸ்டாண்டில் ஏறி, வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. இலை இலையாகப் போட்டது. கடைசியில் மூன்றே மூன்று பழம். அவையும் உச்சியில் வெடித்து, காம்படியெல்லாம் பச்சையாக, சப்பென்று இருந்தன. இருக்கிறதில் பரவாயில்லாததை ஒரு டப்பாவில் வைத்து அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போனாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உறுப்பினர்கள் கொண்டுவரும் பழங்களை டாக்டரின் மனைவி வாங்கிச் சமையலறையில் வைத்து நறுக்குவார். தட்டோடு ஒரு டம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து டாக்டர் முன்னால் வைப்பார். டாக்டர் ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லுவார், தண்ணீர் குடிப்பார், பிறகு தீர்ப்புச் சொல்லுவார். அந்த அம்மாவை எல்லாரும் டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். டெலிபோன் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர் என்பது யாருக்கும் நினைவில்லை. மன்றத்தில் அவர் உறுப்பினர் இல்லை.

காளை இதயத்தை டாக்டர் மென்றார். டம்ளரைப் பார்த்தார். அடியில் கொஞ்சமாகத்தான் தண்ணீர் இருந்தது. "வாட்டம்" என்றார். "பழத்துக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. வளர்த்தவங்க அதோட பேசலை."

ஆமாஞ்சாமி எழுதிக்கொண்டார். கண்ணாடிக்காரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பதினாறு வருஷத் தொழில் அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. மெல்லும்போது ஒன்றும் காட்டாத அந்த முகம் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வந்தது. எழுத்து தெரியாமல் மனப்பாடத்தைத் தேடுகிற கண் அது. அடுத்த பழத்துக்கு டம்ளர் தளும்பத் தளும்ப வந்தது. "ஆஹா, தேன்!" என்றார். அதற்கடுத்து அரை டம்ளர். "நல்ல கூர்மையான புளிப்பு" என்றார்.

அவள் மெல்ல எழுந்து, பாத்திரம் எடுத்துக்கொடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனாள்.

டாக்டரம்மா கத்தி நுனியில் ஒரு துண்டை எடுத்துத் தின்று பார்த்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளாம்மா?" என்று கண்ணாடிக்காரி கேட்டாள்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். மறைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தது தெரிந்தது. பிறகு சொம்பைக் கீழே வைத்தார்.

"எட்டு வருஷம். ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, கூடவே மூக்கும் நாக்கும் போச்சு. சூடு தெரியும், காரம் எரியும். இனிப்பு, புளிப்பு, வாசனை எதுவும் கிடையாது. அடுப்புல பால் தீய்ஞ்சாக்கூடத் தெரியாது."

"அப்புறம் எதுக்கு இந்த மன்றம்?"

"காய்ச்சலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. தலைவர் ஆனவங்களுக்கு இறங்கத் தெரியுமா?" டாக்டரம்மா தோளைக் குலுக்கினார். "நான் 'புளிக்குது'ன்னு சொன்னா அவர் அதுக்குக் கால் மணி நேரம் பேசுவார். ஆபீஸ்லயும் இங்க பேசினதை அங்க கொடுத்துக்கிட்டுதான் இருந்தேன். பழகிப்போச்சு. அது சரி, உன் பால்கனியில வெயில் எவ்வளவு நேரம்?"

ஐந்து மாதத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"காலையில நாலு மணி நேரம்."

"நாலு மணி நேர வெயிலுக்குக் காளை இதயமா? அது நாள் பூரா வெயில் குடிக்குமே! பெரிய பழம் பழுக்குறதுக்குள்ள உனக்கு வயசாயிடும். சின்னப் பழமா வை. கொத்துக் கொத்தா, கோலிக்குண்டு சைஸ்ல மஞ்சளா ஒண்ணு இருக்கு. எங்க மாடியில மூலையில நிக்குது. அதுக்குப் பாரம்பரியம் இல்லைன்னு இவர் பட்டியல்லயே சேர்க்கலை." ஒரு டப்பாவிலிருந்து காகிதத்தில் மடித்த விதைகளை எடுத்துக் கொடுத்தார். "நிறம் மாற ஆரம்பிச்சதும் தண்ணியைக் குறை. தினமும் ரெண்டு வேளை ஊத்தினா ருசி கரைஞ்சு போகும். பறிச்சதை ஃப்ரிட்ஜுல வெச்சே, அப்புறம் என்கிட்ட பேசாதே."

மூன்றாம் மாதம் மஞ்சள் காய்க்கத் தொடங்கியது. முதல் பழத்தைக் கண்ணாடிக்காரி செடி பக்கத்தில் நின்றே வாயில் போட்டாள். தோல் டப்பென்று உடைந்ததும் வாயெல்லாம் இனிப்பு. கூடவே இலையைக் கசக்கினால் வருகிற அந்த வாசனை. இரண்டாவதைத் தின்றபின் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும் முன் பால்கனிக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார். வெயில் எப்படி என்று பார்க்கிறாராம். எதையோ மென்றுகொண்டே திரும்பி வருவார்.

அவரிடமிருந்து காப்பாற்றி முப்பது பழம் சேர்த்துக்கொண்டு அவள் ஆண்டுச் சுவைத்தேர்வுக்குப் போனாள். எதை வரும் பருவத்தில் எல்லாரும் நடுவது என்று மன்றம் முடிவுசெய்கிற நாள் அது. கூடம் நிறைந்திருந்தது. டாக்டர் கோட்டு போட்டிருந்தார்.

"சமையல் வேற, சுவை வேற" என்று பேச்சைத் தொடங்கினார். "நம்ம வீட்டுப் பெண்கள் தக்காளியை நறுக்குவாங்க, நசுக்குவாங்க, வேக வைப்பாங்க. அது கைவேலை. ஆனா ருசிக்கிறதுங்கிறது மூளை வேலை. என் வீட்டம்மா நாப்பது வருஷமா நறுக்குறாங்க. ஒரு பழத்துக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க."

கூடம் சிரித்தது. ஆமாஞ்சாமி கைதட்டினார். சமையலறை வாசலில் நின்ற டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு உள்ளே போய், ஒரு பெரிய கூஜா நிறையத் தண்ணீரும் காலி டம்ளர் ஒன்றும் எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

"நீங்களே வேணும்கிற அளவு ஊத்திக்கோங்க" என்றார். போய் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டரின் முகம் வெளுத்ததைக் கண்ணாடிக்காரி பார்த்தாள். இத்தனை நாள் கோபத்துக்கு இது விருந்து என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முதல் தட்டாக வந்தது அவளுடைய மஞ்சள். அதற்குள் பழங்கள் கூடத்தில் ஒரு சுற்று போயிருந்தன. முன் வரிசை வக்கீல் நாலு பழம் தின்று, ஐந்தாவதைச் சட்டைப் பையில் போட்டிருந்தார். "என்னங்க இது, மிட்டாயா?" என்று யாரோ கேட்டார்கள்.

டாக்டர் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மறுபடி மென்றார். கூஜாவைச் சாய்த்துத் தானே அரை டம்ளர் ஊற்றிக் குடித்தார். தன் கையால் ஊற்றியதையே சாட்சியாக எடுத்துக்கொண்டவர் போலத் தொண்டையைச் செருமினார்.

"புளிப்பு" என்றார். "முரட்டுப் புளிப்பு. பக்குவம் இல்லாத, பாரம்பரியம் இல்லாத புளிப்பு. வேக வைக்கலாம். தின்ன முடியாது."

டாக்டரின் கதை முடிந்தது என்று கண்ணாடிக்காரி நினைத்தாள்.

"ஆமாங்க" என்றார் ஆமாஞ்சாமி. "எடுத்ததுமே பல் கூசிச்சு."

"இனிக்குதே சார்!" கண்ணாடிக்காரி எழுந்துவிட்டாள். "எல்லாரும் இப்பத்தானே தின்னீங்க? சொல்லுங்களேன், இனிக்கலையா?"

வக்கீல் அவளை இரக்கத்தோடு திரும்பிப் பார்த்தார். "மேலோட்டமா இனிக்கிற மாதிரிதாம்மா இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. டாக்டர் சொன்னப்புறம் பாருங்க, அடியில ஒரு புளிப்பு. இப்பவும் நாக்குல நிக்குது." சொல்லிவிட்டு நிஜமாகவே முகத்தைச் சுளித்தார்.

பின்னால் இரண்டு பேர் சுளித்தார்கள். ஒரு பெண்மணி தன் தட்டிலிருந்த பழத்தைக் கைக்குட்டையால் மூடினார். "நாக்கைப் பழக்கணும்" என்று யாரோ கண்ணாடிக்காரிக்கு அறிவுரை சொன்னார்கள். அதற்குப் பின் வந்த பதினொரு தட்டுக்கும் டாக்டர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அளவுக்கு மீறிப் பழுத்துப் புளித்துப்போன ஒன்று தேனானது. மாவு போன்ற ஒன்றில் மலைக்காற்று வீசியது. பாதிக்கு மேல் அவருக்கே தைரியம் வந்து, கூஜாவைத் தொடவே இல்லை. அந்த மாவுத் தக்காளிதான் வரும் ஆண்டுக்கான ரகம் என்று ஒருமனதாக முடிவாகியது.

எல்லாரும் போன பிறகு கண்ணாடிக்காரி சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து மிச்ச மஞ்சளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார்.

"எட்டு வருஷம்" என்றார். "ஒரு பழம் விடாம தின்னு பார்த்து, நாக்கு புண்ணாகி, அளவு பார்த்துத் தண்ணி ஊத்தி... அவர் மானம் போயிடக்கூடாதேன்னு. இவங்களுக்கு அது தேவையே இல்லையேம்மா! குழாய்த் தண்ணியைத் தேன்னு சொன்னாலும் நக்கியிருப்பாங்க."

டாக்டர் கோட்டைக் கழற்றாமலே வாசலில் வந்து நின்றார். "ஏன் அப்படிப் பண்ணின?"

"என்ன பண்ணினேன்? எல்லாரும் கைதட்டினாங்களே."

அவர் ஒரு அடி உள்ளே வந்தார். கூடத்தில் கேட்ட குரல் இல்லை அது. "அந்த மஞ்சள் எப்படி இருந்துச்சு? நிஜமா."

"புளிப்புன்னு இருபத்திரண்டு பேர் சொன்னாங்க. எனக்கு நறுக்க மட்டும்தானே தெரியும்?"

டாக்டர் கிண்ணத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். கண்ணாடிக்காரிக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இருட்டறையில் சிலர் கடைசியில், "ஒண்ணும் தெரியலைம்மா" என்பார்கள். அதைச் சொல்வாரோ என்று காத்திருந்தாள். அவர் விழுங்கிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மன்றம் இன்னும் நடக்கிறது. உறுப்பினர்கள் முப்பத்தைந்து பேர் ஆகிவிட்டார்களாம். கண்ணாடிக்காரி போவதில்லை.

டாக்டரம்மாதான் அவள் வீட்டுக்கு வந்துபோகிறார். மாவுத் தக்காளி நடுவதற்காக டாக்டர் தம் மாடியில் எல்லாத் தொட்டியையும் காலிசெய்துவிட்டதால், ஒருநாள் கையில் ஒரு சிவப்பு ரகத்தின் நாற்றோடு நேரே பால்கனிக்குப் போனார்.

"இங்க ஒண்ணு வைக்கிறேன்."

"இடம் இல்லையேம்மா. மூணுலயும் மஞ்சள்தான் போடப்போறேன்."

"மூணும் இனிப்பா? உனக்குச் சின்னப்புள்ள நாக்கு. தக்காளின்னா கொஞ்சம் கடிக்கணும்."

"எங்க வீட்டுல யாரும் புளிப்பு தின்ன மாட்டோம்."

"அப்ப நான் தின்னுக்கிறேன்."

வாக்குவாதம் முற்றி, பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த வீட்டுக்காரர் பஞ்சாயத்துக்கு இழுக்கப்பட்டார். இரண்டு பக்கமும் ஞாயம் இருக்கிறது என்று அவர் சொன்னதால் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். கடைசியில் துணி ஸ்டாண்டு கூடத்துக்கு வந்தது. அந்த இடத்தில் சிவப்புக்கு ஒரு தொட்டி.

அது பழுத்த அன்று டாக்டரம்மா ஒன்றைப் பறித்து, கழுவக்கூட இல்லாமல், பாதியைக் கடித்து மீதியைக் கண்ணாடிக்காரியிடம் நீட்டினார். அவள் வாயில் போட்டதும் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"ஐயோ, என்னம்மா இப்படிப் புளிக்குது!"

"ஆமா, புளிக்கும்" என்றார் டாக்டரம்மா ஆனந்தமாக. "அதுக்குத்தானே வெச்சேன்!"