வெட்டக் கூடாத கயிறு

"அதால ஒரு பல்பு எரியுமா?"

"எரியாது."

"பின்னே எதுக்கு அது?"

"சொல்றேன். ஆனா கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்கணும்."

பெண் பார்க்கப் போன அன்று மாதங்கியின் ஆராய்ச்சியைப் பற்றித் தண்டபாணிக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். அவர் உட்கார்ந்து கேட்கத் தயாராகத்தான் இருந்தார். அதற்குள் அவருடைய அக்கா அலமு, "பல்பு எரியாதாம். அடுப்பாவது எரியுமான்னு கேளுடா" என்றாள். கூடமே சிரித்தது. தண்டபாணியும் சிரித்தார். கணிதத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாதங்கி, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் நடந்தது. தெலுங்கு ஊரில், ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு வந்தது. மாதங்கி பேராசிரியை ஆனாள். மகள் பிறந்து, படித்து, பெங்களூருக்கு வேலைக்கும் போய்விட்டாள். மாறாமல் இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

பொதுத்துறை ஆலையில் கன்ட்ரோல் பேனல்களுக்கு வயரிங் போட்டு ரிட்டயர் ஆனவர் தண்டபாணி. ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும், இல்லாவிட்டால் அது வேலையே இல்லை என்பது அவர் கட்சி. மனைவி வேலை செய்யும் அழகோ வேறு மாதிரி. ஹாலில் திவானில் மல்லாந்து படுத்து, ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பாள். நெஞ்சின்மேல் ஒரு சிவப்பு நைலான் கயிறு கிடக்கும். ஏகப்பட்ட சிக்கலோடு, இரண்டு நுனியும் ஒன்றாக ஒட்டியிருக்கும். விரல்கள் அதை மெள்ளப் புரட்டிக்கொண்டே இருக்கும். குக்கர் கத்தினாலும் காது கேட்காது.

"மாமிக்கு உடம்பு சரியில்லையா?" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"டியூட்டியில இருக்கா" என்பார் தண்டபாணி. "இதுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் குடுக்கறான்."

அவளுடைய சகாக்கள் வீட்டுக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. இரண்டு மேதைகள் அந்தக் கயிற்றை நடுவில் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். திடீரென்று ஒருவர் "ம்ஹும்" என்பார். மற்றவர் முகம் வாடிப்போகும். "ஒரு ஃபில்டர் காபிக்கு ஒரு ம்ஹும்" என்று தண்டபாணி அடுக்கக நண்பர்களிடம் கணக்குச் சொல்லிச் சிரிப்பார்.

சிக்கலான கயிற்றை வெட்டாமல் பிரிக்க முடியுமா, முடியாது என்றால் எப்படி நிரூபிப்பது, இதுதான் அவள் ஆராய்ச்சி. இதையும் அவர் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பல்கலைக்கழக மலரில் படித்ததுதான். படித்த அன்றே, "எங்க பிளான்ட்ல ஒரு கட்டர் எடுத்தா அரை நிமிஷ வேலை" என்றார். "வெட்டக் கூடாதுங்கறதுதான் விதி" என்றாள் அவள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்று பார்த்தார். அவள் மின்விசிறிக்குத் திரும்பிவிட்டாள். ஒவ்வொரு கேலியையும் வீசிவிட்டு அவர் அப்படி ஒரு கணம் நின்று பார்ப்பதுண்டு. அது யாருக்கும் தெரியாது.

இந்தக் கோடையில் மாதங்கி திவானை விட்டு எழுந்தாள்.

பரண் சுத்தமானது. ஊறுகாய் ஜாடிகள் வெயிலுக்கு வந்தன. ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. சாயங்காலம் பக்கத்து பிளாக் மாமிகளோடு சகஸ்ரநாமம் சொல்லப் போனாள். அதே ஊரின் இன்னொரு பகுதியான அல்வாலிலிருந்து வந்த அலமுவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்பதான்டா உனக்கு ஆம்படையாள்னு ஒருத்தி கிடைச்சிருக்கா! இத்தனை வருஷமா ஆத்துல ஒரு சிலையை இல்ல வெச்சிண்டிருந்தே!"

"வேலை போதும், வி.ஆர்.எஸ். எழுதிக் குடுக்கப் போறேன், அக்கா" என்றாள் மாதங்கி, மாங்காயைத் துருவிக்கொண்டே. "திங்கட்கிழமை."

"பேஷ்!" என்றாள் அலமு. அவளுக்கு எல்லாமே பேஷ்தான். ஒரு பெண்ணின் முகத்தில் விளக்கு அணைந்திருப்பதை, தொக்கு நன்றாக வருகிறது என்று புரிந்துகொள்ளும் ஜாதி அவள்.

தண்டபாணிக்கு அது பேஷாகப் படவில்லை. ஆசைப்பட்டதெல்லாம் நடந்திருக்கிறது, ஹாலுக்குள் போகத்தான் பயமாக இருக்கிறது. யாரும் படுக்காத திவானுக்கு மேலே மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஃபோன் வந்தது. மாதங்கியின் மாணவி ஸ்மிதா.

"அங்கிள், மேடம் பாகுன்னாரா? நல்லா இருக்காங்களா? என் ஃபோனை எடுக்கறதே இல்ல." அழுகிற குரல். "எல்லாம் என்னாலதான். செமினார்ல ஒரு டவுட் கேட்டேன். நிஜமாவே டவுட்தான் அங்கிள். மேடம் போர்டையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் மொத்தத்தையும் அழிச்சுட்டு, 'டீ சாப்பிடலாம்'னாங்க. ப்ரூஃப்ல ஓட்டை. அச்சுக்குப் போன பேப்பரைத் திரும்ப வாங்கிட்டாங்க."

"தப்புன்னா திருத்த வேண்டியதுதானே? எங்க பேனல் ஃபெயிலானா..."

"பேனல் இல்ல அங்கிள்" என்றாள் ஸ்மிதா.

ஃபோனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். பழைய பேப்பர்காரருக்காக ஒரு கட்டு தயாராக இருந்தது. மேலே நாளிதழ், கீழே முழுக்க மாதங்கியின் கையெழுத்தில் தாள்கள். கட்டைச் சுற்றியிருந்தது சிவப்பு நைலான் கயிறு. சிக்கல் ஒன்றுகூட இல்லாமல், நேராக, இறுக்கமாக. ஒட்டியிருந்த நுனி இரண்டும் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரிக்கப்பட்டிருந்தன.

தண்டபாணி செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்து, கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு கட்டைப் பிரித்தார். தாள்களை அள்ளி உள்ளே கொண்டுபோய்த் திவானில் வைத்தார். கயிற்றை அடுப்படிக்கு எடுத்துப்போய் கேஸைப் பற்றவைத்தார். தொக்கைக் கிளறிக்கொண்டிருந்த மாதங்கியும், வந்த இடத்தில் தங்கிவிட்ட அலமுவும் பார்த்துக்கொண்டிருக்க, நுனிகளைத் தீயில் காட்டி, இளகியதும் அழுத்தி ஒட்டி, ஊதி ஆறவைத்தார். ஒட்டிய இடமே தெரியவில்லை. ஆயுசு முழுக்க வயரைத் தொட்ட கை.

"இந்தா" என்று பெருமையாக நீட்டினார்.

மாதங்கி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என்ன பண்ணியிருக்கேள் இது?"

"ஒட்டிட்டேன். பழையபடி ஆயிடுத்தே."

"பழையபடியா? முடிச்சு எங்கே? இது வெறும் வளையம். எங்க சாஸ்திரத்துல இதுக்கு மதிப்பே கிடையாது. முதல் வருஷப் பையன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்." அவள் குரலில் பழைய காரம் ஏறியது. "இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்துண்டு, முடிச்சைப் போடணும், அப்புறம்தான் ஒட்டணும்னுகூடத் தெரியலையா உங்களுக்கு?"

"தெரியாது" என்றார் தண்டபாணி.

அலமு களுக்கென்று சிரித்தாள். "இன்ஜினீயராம்! நக்கோடா தண்டபாணி, உனக்கு இதெல்லாம் வேண்டாம். பேசாம அந்தக் கயித்துல துணி காயப்போடு."

இந்தத் தடவை தண்டபாணி சிரிக்கவில்லை. "அக்கா, நீ கொஞ்சம் தொக்கைக் கிளறிண்டிரு" என்றார்.

அவர் ஹாலுக்குப் போய் மின்விசிறியை நிறுத்தினார். இறக்கைகள் சுற்றி ஓய்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். மாதங்கி கயிறும் கையுமாக வாசற்படியில் வந்து நின்றாள். கண்ணில் கோபம் இருந்தது, கோபத்துக்குக் கீழே ஏதோ நனைந்திருந்தது.

"திங்கட்கிழமை எழுதிக் குடு, குடுக்காம போ. அது உன் இஷ்டம்" என்றார் அவர். தாள்களை ஓரமாக நகர்த்திவிட்டுத் திவானுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முட்டி கடகடவென்றது. "அன்னிக்குக் கேட்டேனே, அப்புறம் கேட்கவே இல்லை. இப்ப உட்கார்ந்துட்டேன். இந்த வெறும் வளையத்துலேர்ந்தே ஆரம்பி. அது எதுக்குன்னு எனக்குச் சொல்லு, மாதங்கி."