வரைபடத்தில் இல்லாத தகடு

பிரேசிலில், எங்கள் காஷியாஸ் நகரத்துப் பஸ் ஆலையில், பஸ்ஸின் பின் அச்சைத் தாங்கும் பிராக்கெட்டில் எட்டு வருடமாக ஒரு முக்கோணத் தகட்டைக் கூடுதலாக வைத்து வெல்டிங் செய்கிறோம். வரைபடத்தில் அது கிடையாது. வரைந்தபடி செய்த முதல் இரண்டும் சோதனை ஓட்டத்திலேயே விரிசல் விட்டன. அதை எழுதிக் கொடுத்தால் வாசலில் தொங்கும் ‘பிழையில்லா நாட்கள்’ பலகை பூஜ்யத்துக்குப் போகும். எங்கள் பிரிவில் நாற்பது பேருக்கும் மாதக் கடைசிச் சுடுகறி விருந்து ரத்து. ஒரு துண்டு இறைச்சிக்காக வாயை மூடிக்கொண்ட கூட்டம் நாங்கள். நானும்தான்.

வடிவமைப்புக்காரர்களின் கட்டடம் எதிரில்தான். எங்கள் அடையாள அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது. அங்கிருந்து தைனா என்ற எஞ்சினியர் பெண் போன மாதம் சாப்பாட்டுக் கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நேய்வா அக்கா, உங்க பிராக்கெட் எட்டு வருஷத்துல ஒண்ணுகூட உடையல. அதான் தடிமனைக் குறைச்சிட்டேன். இனிமே வரைபடத்துல உள்ளபடி ரோபோதான் வெல்டிங். முதல் இருபது வண்டி மலைப்பாதைக்கு.”

தட்டைத் தள்ளி வைத்தேன். அந்தப் பாதையில் பஸ் ஓட்டுவது என் கணவர் டிர்செயு.

தகட்டைப் பற்றி அப்போதே சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்தது. “ஐயோ! ஆனா வாய்ப்பேச்சை வச்சு நான் எதையும் நிறுத்த முடியாதுக்கா. சூப்பர்வைசர் கையெழுத்தோட எழுதி அனுப்புங்க.”

எழுதினேன். சூப்பர்வைசர் அதெலார் படித்துப் பார்த்தார்.

“எட்டு வருஷமா வரைபடத்தை மீறினோம்னு நீயே எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொல்றியா? நல்லா இருக்கு தாயே!”

“அண்ணே, ஆள் செத்துருவாங்க.”

“ரோபோ செஞ்சதுக்கு ரோபோக்காரன் பொறுப்பு.”

இழுப்பறையைத் திறந்து என் தாளை உள்ளே போட்டார். வேறு வேறு ஆட்கள் எழுதிய ஏழெட்டுத் தாள்கள் ஏற்கெனவே அங்கே கிடந்தன. அவை எந்தெந்தப் பாகத்தைப் பற்றியவை என்று நினைக்கவே பயமாக இருந்தது.

தைனாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும், “தாள் இன்னும் வரலையேக்கா” என்றாள்.

நேற்று சாயங்காலம் டிர்செயு விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். புது வண்டி அவருக்குத்தானாம். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏற வேண்டாம் என்று அழுதேன்.

“அடி போடி, பயந்தாங்கொள்ளி! எத்தனை வருஷமா அந்த மலையில ஓட்டுறேன். உங்க ஆலை பிராக்கெட் ஒண்ணு உடைஞ்சு நான் பார்த்ததில்ல. உங்க வேலை மேல எனக்கு இருக்கிற நம்பிக்கை உனக்கே இல்லையா?”

இன்று காலை முதல் பயணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வண்டியில் நாற்பத்து மூன்று பேர்.