ஏழாம் நம்பர் தூண்

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி; அவளுக்கு மட்டும் மாமா. அக்காவைக் கட்டியவர். ஒன்பது மாதங்களுக்கு முன்பு கம்பெனி அவளைப் பொறுப்பு இன்ஜினியராகப் போட்ட நாளிலிருந்து அந்த உறவு அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. ஆட்கள் முன்னால் "இன்ஜினியரம்மா" என்று வேண்டுமென்றே இழுத்துச் சொல்வார். அவள் நாலடி நகர்ந்ததும் ஏதோ முணுமுணுப்பார். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு எழும்.

எழும்பிக்கொண்டிருந்தது ஒரு பள்ளிக்கூடம். தரைத்தளத்தின் முதல் ஆறு தூண்களையும் அவளே அளவு நாடா பிடித்துப் பார்த்த பிறகுதான் கான்கிரீட் போட விட்டிருந்தாள். அன்று ஏழாவது. "நான் வந்து பாக்காம ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போனவள் இரண்டு மணிக்குத் திரும்பினாள். நாலு பக்கமும் பலகை அடித்து, உச்சிவரை கான்கிரீட் நிரம்பியிருந்தது. மேஸ்திரி சாவகாசமாகக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு ஊத்துனீங்க?"

"முப்பது வருஷமா ஊத்துறேன். இன்னும் யாரைக் கேக்கணும்?"

"ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒண்ணு?"

"நீ சொன்ன ஆறுதான். நம்பிக்கை இல்லேன்னா உள்ள புகுந்து பாத்துக்கோ."

ஆட்கள் சிரித்தார்கள்.

ரிங் என்பது நெட்டுக் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் வளையம். இடைவெளி கூடினால், மேலே பாரம் ஏறும்போது கம்பிகள் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். கான்கிரீட்டுக்குள் போன பிறகு வெறும் கண்ணால் எண்ண முடியாது. அது அவருக்கும் தெரியும்.

மணல் சுமக்கும் பெண்களில் ஒருத்தி, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள், சுவரோரம் போனாள். அங்கே கிடந்த சாக்கைக் காலால் ஒதுக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் திரும்பி வந்தாள். சாக்கின் அடியில் எட்டு வளையங்கள், வளைத்தது வளைத்தபடி.

இருபது கட்ட வேண்டிய தூணுக்குப் பன்னிரண்டு.

"பலகையைப் பிரிங்க."

ஒருவரும் அசையவில்லை.

"எவனாவது கையை வச்சீங்க, அப்புறம் என் மூஞ்சில முழிக்காதீங்க" என்றார் மேஸ்திரி.

அவளே கடப்பாரையை எடுத்தாள். முதல் பலகை லேசில் மசியவில்லை. உள்ளங்கை கன்றிப்போனது. நாலாவது நெம்பில் ஆணிகள் கிறீச்சிட்டுப் பலகை விலக, ஈரக் கான்கிரீட் பொதபொதவென்று சரிந்து கணுக்கால்வரை அவளை மூடியது. ஆட்கள் பின்வாங்கினார்கள். கால்களைப் பிடுங்கிக்கொண்டு, அம்மணமாக நின்ற கம்பியில் நாடாவை வைத்தாள். பத்து அங்குலம். பத்தரை. ஓரிடத்தில் பதினொன்று.

மேஸ்திரி கிட்டே வந்தார். "காலேஜுக்கு உன்னை சைக்கிள்ல வச்சு மிதிச்சவன் நான். இத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட."

"பிள்ளைங்க உக்காரப்போற எடம் மாமா இது."

"மாமான்னு கூப்பிடாத." தோள் துண்டை உதறினார். அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள்.

மிச்சமிருந்த பெண்கள் தண்ணீர்க் குழாயைப் பிடிக்க, கான்கிரீட் இறுகுமுன் கம்பியைக் கழுவி முடித்தாள். சாயங்காலம் அக்கா போனில் வந்தாள்.

"அவர் சாப்பிடாம படுத்துக் கெடக்கார். வந்து மன்னிப்பு கேளு."

"தப்பு அவர்மேல, அக்கா."

"தப்பு யார்மேலன்னு நான் உன்னைக் கேக்கல."

அதோடு அக்கா போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

காலையில் ஆண்கள் ஒருவரும் வரவில்லை. செங்கல் அடுக்கின்மேல் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டை எழுந்து வந்தாள்.

"கம்பி நாங்க கட்டுவோம். நாலு வருஷமா அவங்க டீ குடிக்கப் போற நேரத்துல நாங்கதான் கட்டுறோம்."

"நல்லதாப் போச்சு. ஆரம்பிங்க."

"மாட்டோம். வருகைப் பதிவுல எங்களுக்கு நேரா சித்தாள்னு இருக்கு. கம்பி வேலைன்னு மாத்தி எழுதுங்க. அப்புறம் தொடுறோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "என்கிட்ட இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"எப்ப சொல்றது? ஒன்பது மாசமா மேஸ்திரியோட மல்லுக்கட்டவே உங்களுக்கு நேரம் சரியா இருந்துச்சு. எங்க பேராவது தெரியுமா?"

தெரியாது. தினமும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு பெயரைக்கூடப் படித்ததில்லை. நெட்டை என்பதும் ஆண்கள் வைத்த பட்டம்தான். பதிவேட்டை எடுத்து, ஒவ்வொருத்தியிடமும் பெயரைக் கேட்டு, சித்தாள் என்பதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். நெட்டை எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்த பிறகே கம்பி முறுக்கும் கொக்கியை எடுத்தாள். நன்றி என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் பழைய கட்டுகளை அவிழ்த்து இருபது வளையங்களும் ஏறிவிட்டன. அவள் அடியிலிருந்து அளந்துகொண்டு வந்தாள். மூன்றாவது இடைவெளி ஏழு அங்குலம் காட்டியது.

"இதை அவுத்துக் கட்டுங்க."

"ஒரு அங்குலம்தானே?"

"ஆறுன்னா ஆறு."

நெட்டை அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். பிறகு குந்தி உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள்.

"அந்த நாடாவை இப்படிக் குடுங்க" என்று அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "இனிமே நானே பாத்துக்கறேன். தலைக்கு மேல நின்னு வெளிச்சத்தை மறைக்காதீங்க."

அவள் தள்ளி நின்றாள்.