கதவுக்குள் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவர் தம் பழைய காரின் கதவைத் திறந்தார். கதவுக்குள் தண்ணீர் தளும்பியது. அரைக்குடத்தைச் சுமந்து நடந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். அது எப்படி உள்ளே போனது என்று யோசித்ததில் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

2

முதல் தொடக்கம்: “துரு என்பது இரும்பின் முதுமை.”

அடித்துவிட்டேன். நீங்கள் கொட்டாவி விடுவதற்கு நானே வசதி செய்து தரக்கூடாது.

இரண்டாவது பின்வருமாறு:

வீட்டில் அவனுக்குப் பெயர் பசை. குடை, செருப்பு, கோப்பையின் காது, எது உடைந்தாலும் ஒட்டிவிடுவான். அவன் மனைவி நர்ஸ். நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குக் காரில் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். கார் நின்றால் அவள் வேலையும் நின்றது. வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி, ஓட்டுநர் பக்கக் கதவின் அடியில் துரு அரித்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “இது ஆளைக் கிழிச்சிடும். அடைச்சுக் கொண்டாங்க. இன்னும் ஒரு தடவைதான் பாப்பேன்” என்று அனுப்பிவிட்டார்.

தகடு ஒட்டுகிற டிங்கர் கடைக்குக் கொடுக்க வசதியில்லை. பசை சட்டைக் கையை மடித்துவிட்டான்.

3

வேலையை வரிசையாகச் சொல்கிறேன்; அவனும் அப்படித்தான் செய்தான். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட ஓட்டை வளர்ந்தது. விரல் நுழைந்த இடத்தில் கைமுட்டி நுழைந்தது. பளிச்சென்று நல்ல இரும்பு தெரிகிற வரை அவன் விடவில்லை. துருவைத் தடுக்கும் பெயிண்ட் பூசினான். எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, ரிவெட் அடித்து, மேலே பட்டிக் கலவை பூசிக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தான்.

மச்சான் வந்தார். (மனைவியின் அண்ணன். கதைக்கு இவர் தேவையா என்று எனக்கே சந்தேகம். இருமுறை நீக்கினேன். அந்த வீட்டில் எப்படியோ அப்படியே இங்கும், சொல்லாமல் வந்து நிற்கிறார்.)

“என்ன மாப்ளே, காருக்கு ஒட்டுப் போடுறியா, ஒட்டுக்கு ஒரு காரு தேடுறியா?”

“பாத்துக்கிட்டே இருங்க மச்சான். ஈ கூட உள்ள போவாது.”

“ஈ எதுக்குப் போவுது? அதுக்கென்ன லைசென்ஸா இருக்கு?”

அந்த வீராப்பில்தான் பசை, கதவின் அடிவிளிம்பில் மூன்று சிறு துளைகளைப் பார்த்தான். துரு இல்லை. மூன்றும் ஒரே அளவு, ஒழுங்கான நீள்வட்டம். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. “உங்களுக்கு மட்டும் தனியாச் சொல்லணுமா?” என்று துளைகளிடம் கேட்டு, அவற்றையும் பட்டியால் அடைத்து, மேலே புதுப் பெயிண்ட் அடித்தான்.

4

மழை பெய்த அந்தக் காலையில் அவன் மனத்தில் ஓர் இனம்புரியாத—

(வேண்டாம். எழுத வராத இடத்தில் மழையைக் கூப்பிடும் பழக்கத்தை விட வேண்டும். தண்ணீர் குழாயிலிருந்தே வரட்டும்.)

சோதனை நாளன்று காலையில் பசை காரைக் கழுவினான். புதுப் பெயிண்டில் முகம் தெரிந்தது. மனைவி பையோடு வந்து கதவைத் திறந்தாள். தளும்பியது. மூடினாள். மறுபடி திறந்தாள்.

“என்னங்க, கதவு என்னத்தக் குடிச்சிருக்கு?”

“கண்ணாடி இடுக்கு வழியாப் போன தண்ணிதான். எல்லாக் காருக்கும் போவும்.”

“போனது எங்க வழியா வெளிய வரும்?”

பசையின் கண் கதவின் அடிக்குப் போனது. அவள் குனிந்து அடிவிளிம்பைத் தடவினாள்.

“வடியறதுக்கு வழி விட்டுட்டுதான் நான் கட்டே போடுவேன். நீங்க அழுகறதுக்குன்னே அடைச்சு வெச்சிருக்கீங்க.”

“இப்ப துளை போட்டா பட்டி மொத்தமா வெடிச்சாலும் வெடிக்கும். வெடிச்சா ஓட்டை. ஓட்டைன்னா ஃபெயில்.”

“போடலன்னா?”

“அந்த ஆளு கதவத் திறக்காம இருக்கணும்.”

“அப்பிடியே இருப்பாரு,” என்றார் எப்போதோ வந்து நின்ற மச்சான். “சன்னல் வழியா ஏறி உக்காருவாரு.”

5

முந்தைய பிரதியில் நானும் எல்லாவற்றையும் அடைத்திருந்தேன். பசை முன்பு என்ன வேலை பார்த்தான், மச்சான் ஏன் தினமும் வருகிறார் என்று ஆளுக்கொரு பத்தி. படித்துப் பார்த்தேன். கதை கனத்துப்போய் நகர மறுத்தது. எடுத்துவிட்டேன்.

6

கைவசம் உள்ள முடிவுகள்:

அ) பட்டி தாங்குகிறது; அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். (சர்க்கரை தூக்கல்.)

ஆ) பட்டி வெடிக்கிறது, பேருந்து நிறுத்தத்தில் அவள், பையோடு. (எழுதினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடித்துவிட்டேன்.)

இ) மச்சான் தன் காரைக் கொடுத்து— (அவரிடம் கார் இல்லை.)

ஆகவே இப்போதைய நிலவரம்: டிரில்லின் முனை முதல் துளை இருந்த இடத்தில் நிற்கிறது. மனைவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கோணத்தைச் சற்றுத் திருப்புகிறாள். “மெதுவா. நான் பிடிச்சிருக்கேன்ல.” மச்சான்கூடக் குனிந்து பார்க்கிறார். டிரில்லின் விசை பசையின் விரலுக்கு அடியில்.

பட்டி எவ்வளவு காய்ந்தது என்று எனக்குத் தெரியாது, தேய்த்தவன் நானல்ல. விசையை நீங்கள்தான் அழுத்த வேண்டும். கதவுக்கு அடியில் ஒரு பேசின் வைத்திருக்கிறேன். அதை மட்டும் நகர்த்திவிடாதீர்கள்.