விடுபட்ட மூன்று கல்யாணங்கள்

இந்த வாரமும் அதே மூன்று கல்யாண வீடியோக்கள் பேக்கப் டிஸ்க்கில் ஏறவில்லை. மற்றவை எல்லாம் ஏறியிருந்தன, காதுகுத்தும் மஞ்சள் நீரும் கட்சிக் கூட்டமும்கூட. பென்னாகரத்தில் ஸ்டுடியோ நடத்தும் தீர்த்தகிரிக்கு மெஷின்மேல் சந்தேகம் வரவில்லை. மெஷினுக்கு ஆள் பார்த்து விடத் தெரியாது. எடிட்டிங் செய்யும் ஐஸ்வர்யாவைத்தான் சந்தேகப்பட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புது ஸ்டுடியோ ஒன்று வரப்போகிறது. கொஞ்ச நாளாகவே போன் வந்தால் அவள் வெளியே போய்ப் பேசுகிறாள். நல்ல வீடியோவாகப் பார்த்து பேக்கப்பில் அழித்துவிட்டு அங்கே கொண்டுபோகிறாளோ?

ஒருநாள் அவளுடைய பென் டிரைவைக் கேட்டு வாங்கி, அவள் எதிரிலேயே போட்டுப் பார்த்தார். தம்பியின் ஹால் டிக்கெட்டும் நாலைந்து பாட்டும்தான் இருந்தன.

"சந்தேகம்னா நேரா கேட்டிருக்கலாங்ணா," என்றாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

பேக்கப் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்த சென்னப்பன், தருமபுரியில் இருந்தபடியே கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு போன் செய்தான்.

"யாரும் எதையும் அழிக்கலீங்ணா. தெனம் சாயங்காலம் ஏழு மணிக்கு பேக்கப் ஓடுது. அந்நேரம் இந்த மூணு ஃபைலும் எடிட்டிங்ல தெறந்தே கெடக்குது. தெறந்திருக்கறத அது எடுக்காது, தாண்டிப் போயிரும்."

"அந்தப் புள்ள ஆறு மணிக்கே வூட்டுக்குப் போயிருமேப்பா."

"நேத்தும் தெறந்திருக்குதுங்ணா."

நேற்று ஐஸ்வர்யா வரவே இல்லை. ஏழு மணிக்கு அவர் டீ குடிக்கப் போவார். அந்நேரம் கடையில் இருப்பது அவர் மனைவி கோகிலவாணி மட்டும். கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாது என்று சொல்பவள்.

அன்று டீக்கடைக்குப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளின் கை மவுஸில் தயங்காமல் ஓடியது. யார் கற்றுக்கொடுத்தது? ஐஸ்வர்யாதான். பென் டிரைவை வாங்கிப் பார்த்தபோதுகூட அந்தப் பெண் இதைச் சொல்லவில்லையே.

திரையில், விடுபட்ட மூன்றில் ஒன்றான அரூர் கல்யாணம். வீடியோ எடுத்தது வாடகைக்கு வந்த ஆள். மேடைக்குக் கீழே, ஸ்டில் கேமராவோடு குனிந்து நிற்பது தீர்த்தகிரியேதான். அவருக்குப் பின்னால், கூட்டத்தில், காவியா. தானாகக் கல்யாணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றவளை அவர் உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு மகளின் பெயரை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. இப்போது அவள் இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தை பிறந்ததே அவருக்குத் தெரியாது.

அப்படியென்றால் அந்த மூன்று கல்யாணத்துக்கும் வந்திருக்கிறாள். அவர் எங்கே போகிறார் என்று அவளுக்குச் சொன்னது யார்? போன மாதம் அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு கோகிலவாணி போனது எங்கே?

கதவுப் பிடியில் கை வைத்தவர் தள்ளாமல் நின்றார்.

காவியா மேடையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகைப் பார்த்தபடி ஓர் அடி முன்னால் வந்தாள். நின்றாள். கோகிலவாணி வீடியோவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டாள். காவியா மறுபடியும் ஓர் அடி வந்தாள். திரையில் இருந்த தீர்த்தகிரி திரும்பவில்லை.